இரண்டு அவுன்ஸ் மண்



மண்ணில்லாமல் பயிர் விளையுமா என்று முன்பு என் வகுப்பில் எவனாவது கேட்டிருந்தால், கேலி செய்கிறான் என்று கருதி அவனைப் பெஞ்சின்மீது ஏற்றி நிறுத்தியிருப்பேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். வேர் மண்ணிலிருந்து உணவை உறிஞ்சுகிறது என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் மண்ணில் எந்தப் பகுதி உணவு, எந்தப் பகுதி வெறும் இருக்கை என்று ஒருநாளும் நின்று எண்ணிப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பின்னர், என் வீட்டில் முன்பு நெல்மூட்டை அடுக்கிய அறை ஒன்று காலியாகக் கிடந்தது. பத்தடிக்கு எட்டடி, சாளரம் கிடையாது. அந்த அறைக்குள், ஒரு கைப்பிடி மண்ணும் இன்றி, நீரையும் விளக்கொளியையும் மட்டுமே கொண்டு புதினாவும் பாலக்கீரையும் வளர்ப்பதென்று துணிந்தேன். இம்முறைக்கு ஆங்கிலத்தில் ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர்; நாம் நீர்வளர்ப்பு எனலாம். முதலாண்டில் நான் செய்யாத பிழை இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் காரணம் தேடி நூல்களைப் புரட்டியபோது ஓர் உண்மை புலப்பட்டது. என் பிழைகளுள் ஒன்றேனும் புதியதன்று. நான் இடறிய கற்களிலெல்லாம் எனக்கு முன்னரே பேரறிஞர்கள் இடறியிருந்தார்கள். அவர்கள் இடறிய வரலாறே இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த பொருள்.

கதை பெல்ஜிய நாட்டில் தொடங்குகிறது. வான் ஹெல்மான்ட் என்னும் மருத்துவர், சூளையில் உலர்த்திய 200 இராத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டார். 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அதில் நட்டார். தூசி விழாதபடி, துளைகளிட்ட தகரத்தால் தொட்டியை மூடினார். மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ தவிர வேறொன்றும் ஊற்றவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 169 இராத்தலும் ஏறக்குறைய 3 அவுன்சும் இருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தார். சுமார் 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. ஆகவே 164 இராத்தல் மரமும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் 1644இல் மறைந்த பின், அவருடைய மகனார் 1648இல் வெளியிட்ட நூலில் இச்சோதனை இடம்பெற்றது.

இந்தச் சோதனையை நான் வகுப்பில் நகைச்சுவையாகச் சொல்வது வழக்கம். 'காஸ்' என்ற சொல்லையே உலகுக்குப் படைத்தளித்த அம்மனிதர், காற்றிலுள்ள வாயுவை மரம் உண்கிறது என்பதை அறியாமற் போனாரே என்று சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைப்பேன். ஆனால் அவர் விட்ட இன்னொன்றை நானும் விட்டுவிட்டேன். அது அந்த இரண்டு அவுன்ஸ். அவர் அதை மறைக்கவில்லை. நேர்மையாக எழுதி வைத்தார். எழுதியபின் அதைத் தாண்டிச் சென்றுவிட்டார். நீர்வளர்ப்பின் வரலாறு முழுவதும் அந்தச் சிறு குறைவுக்குப் பொருள் தேடிய வரலாறே எனலாம்.

என் முதற் பிழையும் அதே இடத்தில்தான் நேர்ந்தது. செடிக்குத் தூய நீரே நல்லது என்று எண்ணி, சுத்திகரித்த குடிநீரைக் கேன் கேனாக வாங்கித் தொட்டியில் நிரப்பினேன். சந்தையில் வாங்கிய புதினாக் காம்புகளை அதில் நிறுத்தினேன். ஒரு வாரத்தில் வெள்ளை வேர்கள் இறங்கின. வீட்டார் அனைவரையும் அழைத்துக் காட்டினேன். மூன்றாம் வாரத்தில் செடிகள் வெளிறி, வளர்ச்சி நின்று, அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

1699ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து ஜான் உட்வர்டு என்பவர் தாம் செய்த சோதனைகளை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட செடியும் புதினா இனமே என்று படித்தபோது நான் திடுக்கிட்டேன். மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், ஹைடு பார்க் நீர்க்கால்வாயின் நீர், தோட்டத்து மண் கலந்த நீர் எனப் பலவகை நீரில் செடிகளை வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை கூடிற்று என்று அவர் நிறுத்துப் பார்த்தார். தூய்மை மிகுந்த நீரில் வளர்ச்சி குறைந்தது. மண் கலந்த நீரில் வளர்ச்சி மிகுந்தது. நீர் ஒரு வாகனம் மட்டுமே, அது சுமந்து வரும் மண்ணின் பொருளே செடிக்கு உணவு என்று அவர் கூறினார். அவர் கூற்று முழு உண்மையன்று. எனினும் வான் ஹெல்மான்ட் விட்ட இரண்டு அவுன்ஸின்மீது முதலில் கை வைத்தவர்களுள் அவர் ஒருவர். நான் காசு கொடுத்து வாங்கியது உட்வர்டின் மழைநீர்தான்.

அடுத்த நூறு ஆண்டுகளில் வேதியியல் வளர்ந்தது. ஜெனீவா நகரத்து நிக்கோலா தெயோடர் தெ சோசூர் 1804இல் வெளியிட்ட நூலில், செடியின் கரிச்சத்து காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது, நீரும் செடியின் எடையில் சேர்கிறது, வேர் வழியாகச் செல்லும் தாதுப்பொருள்கள் அளவிற் சிறியவையாயினும் இன்றியமையாதவை என்று காட்டினார். ஜெர்மனியில் கார்ல் ஸ்பிரெங்கலும், அவரைத் தொடர்ந்து 1840இல் லீபிக்கும் இக்கருத்தை வேளாண்மைக்குப் பொருத்தினர். எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலுக்கு எல்லை கட்டும் என்பது அவர்கள் தந்த விதி. 1860களில் யூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் என்னும் இருவர், நிறுத்தெடுத்த உப்புகளைத் தூய நீரில் கரைத்து, அக்கரைசலிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். நாப் கரைசலில் கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் பாஸ்பேட் ஆகிய நான்கு உப்புகளும் சிறிது இரும்பு உப்பும் உண்டு. நம் உழவர் கூறும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும், அவற்றோடு சுண்ணாம்பு, மெக்னீசியம், கந்தகம், இரும்பு ஆகியவையும் அந்த ஐந்து உப்புகளுக்குள் அடங்கிவிட்டன.

இதைப் படித்து உப்புகள் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் நிறுக்கச் சோம்பி, எல்லாவற்றையும் ஒரே புட்டியில் கெட்டியாகக் கரைத்து வைத்தேன். மறுநாள் புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு. கால்சியம் உப்பும் சல்பேட்டும் கெட்டியான நிலையில் ஒன்றுசேர்ந்தால் ஜிப்சமாகப் படியும். பாஸ்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து படியும். படிந்தது கரையாது, கரையாததை வேர் உண்ணாது. பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் நான் கற்பித்த பாடம் இது. கற்பித்தவனே புட்டியில் கண்டபோதுதான் புரிந்துகொண்டான். கால்சியம் நைட்ரேட் ஒரு புட்டி, சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றொரு புட்டி என்று இரண்டாகப் பிரித்து வைத்து, தொட்டியின் நிறைந்த நீரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலப்பதே முறை. கடைகளில் இரட்டைப் புட்டிகளாக விற்பதன் இரகசியமும் இவ்வளவே.

இதன்பின் செடிகள் தழைத்தன. ஆனால் சில வாரங்களில் கொழுந்திலைகள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. முதற் பிழையில் மஞ்சளானவை அடியிலைகள், இப்போதோ மேலிலைகள். இவ்வேறுபாட்டை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. ஆகவே அவை குறைந்தால் முதிர்ந்த இலை தன்னிடமுள்ளதைக் கொழுந்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் வாடும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம் பெயராது. ஆகவே கொழுந்தே முதலில் வாடும். பிரான்சு நாட்டில் யூசெப் கிரீஸ் என்பவர் 1840களிலேயே, வெளிறிய இலைகளுக்கு இரும்பு உப்பைக் கொடுத்துப் பசுமை மீளச் செய்திருந்தார்.

ஆனால் நான் இரும்பு இட்டிருந்தேனே! பின் ஏன் குறைந்தது? இம்முறை நான் பயன்படுத்தியது எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். பாத்திரங்களில் வெள்ளை ஏடு படியச் செய்யும் கடின நீர். அதிலுள்ள பைகார்பனேட் கரைசலைக் காரமாக்கிவிட்டது. வேர் நைட்ரேட்டை உண்ணும்போதும் கரைசல் காரத்தின் பக்கமே நகரும். காரம் ஏறினால் இரும்பு படிந்துவிடும். தொட்டியில் இரும்பு இருந்தது. ஆனால் வேர் எட்டும் நிலையில் இல்லை. கோபன்ஹேகன் நகரில் ஸோரன்ஸன் 1909இல் வகுத்த பி.எச். என்னும் அளவுகோல் இங்கே துணைக்கு வந்தது. என் தொட்டி அந்த அளவில் 7.8 காட்டியது, கீரைவகைகளுக்கு 5.5 முதல் 6.5 வரை இருத்தல் வேண்டும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து இறக்கினேன். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்ற பழைய எச்சரிக்கையை இங்கேயும் சொல்லி வைக்கிறேன். பின்னர் சாதாரண இரும்பு உப்பை விடுத்து, இரும்பைப் படியவிடாமல் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்ந்த இரும்பை இட்டேன். அதைச் செடிகளுக்குப் பயன்படுத்தும் வழியை ஜேக்கப்ஸன் என்பவர் 1951இல் வெளியிட்டார். புதிதாய் வந்த கொழுந்துகள் பத்து நாளில் பச்சையாயின.

நாப் கரைசலோடு கதை முடிந்துவிடவில்லை. உப்புகள் மேலும் மேலும் தூய்மையாக்கப்பட, செடிகள் புதுப்புது நோய்களைக் காட்டின. அழுக்காக ஒட்டிக்கொண்டு வந்தவையும் உணவே என்பது அப்போதுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காதரின் வாரிங்டன் என்ற பெண்மணி 1923இல், போரான் இன்றி அவரைச் செடி இனமொன்று வாழாது என்று நிறுவினார். 1939இல் ஆர்னனும் ஸ்டவுட்டும் மாலிப்டினத்தின் தேவையைக் கண்டனர். இரண்டு அவுன்ஸுக்குள் இன்னும் சிறிய அவுன்ஸுகள் ஒளிந்திருந்தன.

இப்போது என் பெரும் தோல்வியைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியின் மேல்நிலை மாணவர்களுக்கு இச்செடிகளைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு நாளும் குறித்தாயிற்று. சித்திரை மாதம். குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னர் அறையைத் திறந்தால் ஒரு நாற்றம். முந்தைய நாள் மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டிருந்தது. மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு கருவி நின்றுபோயிருந்தது. வேர்கள் வெண்மை நீங்கிப் பழுப்பாகி, தொட்டால் வழுக்கின. இலைகளோ, காலடியில் நீர் நிறைந்திருந்தும், நீரற்றவைபோல் துவண்டு கிடந்தன.

வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் அதற்கு வேண்டிய காற்று துகள்களின் இடைவெளியில் கிடைக்கிறது. நீரிலோ கரைந்த பிராணவாயு மட்டுமே உண்டு. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏறக்குறைய ஏழரையாகக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் வேரின் தேவையோ கூடுகிறது. அழுகச் செய்யும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. போதாக்குறைக்கு, என் தொட்டி ஒளி புகும் வெளிர்நிறத் தொட்டி. உள்ளே பாசி படர்ந்திருந்தது.

அன்று மாலை ஒரு சபலம் எழுந்ததை ஒப்புக்கொள்கிறேன். சந்தையில் பச்சைப் பசேலென்ற புதினாக் கட்டுகள் கிடைக்கும். நான்கு கட்டு வாங்கித் தொட்டியில் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும்? பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை சென்றேன். அங்கே நின்றபோது, சில நாட்களுக்கு முன் படித்திருந்த கலிபோர்னியா வரலாறு நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் கெரிக் என்பவர் 1929 முதல், ஆய்வுக்கூடத்துக் கரைசல் முறையை உழவுத்தொழிலாக்க முடியும் என்று கூறிவந்தார். அவருடைய தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் வளர்ந்தன. நாளிதழ்கள் வியந்து எழுதின. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அவர் 1937இல் அச்சேற்றினார். ஆனால் பல்கலைக்கழகத்தார் அவருடைய கரைசலின் விவரங்களைக் கேட்டபோது, அது தம் சொந்த நேரத்தில் தாமே கண்டது என்று கூறி அவர் கொடுக்க மறுத்தார். இதற்கிடையே, மண்ணில்லா விவசாயம் பஞ்சத்தையே ஒழித்துவிடும் என்று சொல்லி மக்களிடம் பணம் பறிப்பவர்களும் கிளம்பினர். உண்மையைக் கண்டறியும் பொறுப்பு ஹோக்லண்டு, ஆர்னன் என்ற இருவரிடம் வந்தது. அவர்கள் 1938இல் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டனர். நல்ல மண்ணும் நல்ல கரைசலும் ஒரே ஒளியில் ஒரே அளவு விளைச்சலையே தருகின்றன. கரைசலில் மாயம் எதுவும் இல்லை என்று அதில் கூறினர். கூறியதோடு நில்லாமல், தங்கள் கரைசலில் எந்த உப்பு எவ்வளவு என்பதையும் எவரும் செய்யுமாறு விளக்கி எழுதினர்.

கெரிக்கைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. துறைக்குப் பெயரும் துணிவும் தந்தவர் அவர். 1940இல் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஹோக்லண்டு கரைசல் என்ற பெயர்தான் வழங்குகிறது. கொடுத்தவர் பெயர் நின்றது.

நான் சந்தைக்குப் போகவில்லை. அழுகிய வேர்களையே ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். கடைசி வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி, "ஐயா, வேர் மூச்சு முட்டிச் செத்ததா, நோயால் செத்ததா? எது முதலில்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதைக் கண்டறிய என்ன சோதனை செய்யலாம் என்று அடுத்த ஒரு மணி நேரம் பேசினோம். என் ஆசிரிய வாழ்வில் அதைவிடச் சிறந்த வகுப்பை நான் எடுத்ததில்லை.

இனி, இம்முறை உலகில் எங்கெங்கே பயன்பட்டது என்பதைப் பார்ப்போம். 1930களின் பிற்பகுதியில், பசிபிக் கடலில் மண்வளமற்ற வேக் என்னும் பவழத்தீவில், வந்திறங்கும் விமானப் பயணிகளுக்காக நீர்வளர்ப்பில் காய்கறி பயிரிட்டனர். 1945இல் அசென்ஷன் என்ற எரிமலைத் தீவில் அமெரிக்கப் படையினர் அவ்வாறே செய்தனர். 1946இல் ஜப்பானில் சோஃபு என்ற இடத்தில் 22 ஹெக்டேர் பரப்பில் பெரும் பண்ணை அமைத்தனர். நம் நாட்டிலும் அதே ஆண்டு ஒரு முயற்சி நடந்தது. வங்காளத்தில் டார்ஜீலிங் மாவட்டத்துக் காலிம்பாங் பகுதியில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், விலையுயர்ந்த குழாய்களும் இயந்திரங்களும் இன்றி, சரளையும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் உலர்ந்த உப்பைத் தூவி நீர் தெளிக்கும் எளிய முறையை உருவாக்கினார். அவருடைய நூல் 1951இல் 'வங்காள முறை' என்ற பெயரோடு வெளிவந்தது. ஏழைக் குடியானவனும் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர் குறிக்கோள்.

அறைக்குள் வளர்ப்போர்க்கு ஒளியும் ஒரு சிக்கல். 1880இல் வில்லியம் சீமன்ஸ் மின்வில் விளக்கின் ஒளியில் செடிகள் வளர்வதைக் காட்டினார். நான் முதலில் மாட்டியது வீட்டுக்குரிய ஒரே குழல்விளக்கு. கீரை மெலிந்து நெட்டையாக வளர்ந்து சாய்ந்தது. பிறகு 40 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டைச் செடிக்கு அருகே தாழ்த்திக் கட்டினேன். நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரித்தால் 1.12 யூனிட் மின்சாரம் செலவாகும். வெளியே சூரியன் இலவசமாகத் தருவதை நான் விலை கொடுத்து வாங்குகிறேன். கணக்குப் பார்த்தால் என் புதினா சந்தைப் புதினாவைவிட விலை மிகுந்ததே. இதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

அப்படியானால் இதனால் என்ன பயன்? நெல்லும் கோதுமையும் விளைவித்து நாட்டுக்குச் சோறிட இம்முறை வரவில்லை. மண் இல்லாத இடத்திலும், நீரை மீண்டும் மீண்டும் சுழற்றிச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய இடத்திலும் இதற்கு மதிப்புண்டு. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், சுட்ட களிமண் துகள்களில் விளக்கொளியில் விளைந்த செந்நிற லெட்டூஸ் கீரையை விண்வெளி வீரர்கள் உண்டார்கள். வான் ஹெல்மான்டின் தொட்டி பூமியைச் சுற்றத் தொடங்கிவிட்டது.

மாணவர்களே, உங்களில் யாரேனும் இதைச் செய்ய விரும்பினால் பெரிய அறை வேண்டா. ஒளி புகாதபடி கறுப்புப் பூசிய வாளி ஒன்று, காற்றடிக்கும் கருவி ஒன்று, பி.எச். பார்க்கும் தாள், நான்கு புதினாக் காம்பு போதும். ஒரே நாளில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். செய்தால் எதனால் நலம் வந்தது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குறிப்பேடு வையுங்கள். என் குறிப்பேட்டில் சித்திரை மாதத்துப் பக்கம் கறை படிந்து கிடக்கிறது. அதைக் கிழித்தெறிய நினைத்ததுண்டு. வான் ஹெல்மான்ட் தமக்கு விளங்காத இரண்டு அவுன்ஸை எழுதாமல் விட்டிருந்தால், பின்வந்தவர்கள் எதைத் தேடியிருப்பார்கள் என்று எண்ணி அதை அப்படியே வைத்திருக்கிறேன். உங்களுக்கு விளங்காததையும் எழுதி வையுங்கள். அதற்குப் பொருள் காண்பவர் ஒருவர் பின்னால் வருவார்.